அம்மா வருவதற்குள்

ஜூன் 12, வியாழன்

அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் புனலூர் வழியாக ராத்திரி பஸ்ஸில் செங்கோட்டை திரும்பினேன். தென்மலை தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது.

டாக்டர் சொன்னதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது, கால்மேல் கால் கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கவே கூடாது. உட்காருகிற இடம் முழங்காலைவிட உயரமாக இருக்கணும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இருக்கை கிடையாது. கக்கூஸைச் சொல்லவே வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

கொத்தனார் கொட்டாரக்கரையில் இருக்கிறார். அங்கே கூலி கூட, அவரைக் குறை சொல்ல முடியாது. "ஆடி பொறக்கட்டும் அண்ணாச்சி, வந்திருதேன்" என்கிறார். ஆடி பிறக்கிற வரைக்கும் அம்மா என்ன செய்வாள்?

சாயங்காலம், கமோடு வைப்பதற்காகப் பழைய கிளாசெட்டை நானே பெயர்த்து எடுத்துவிட்டேன். இனிமேல் பின்வாங்க வழியில்லை.

ஜூன் 14, சனி

நாலு சட்டி எம்-சாண்டுக்கு ஊரெல்லாம் அலைச்சல். ராத்திரி முழுக்க டாரஸ் லாரிகள் வரிசைகட்டி, மணலும் ஜல்லியுமாகப் புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஏறுகின்றன. நமக்கு ஒரு மூட்டை கேட்டால், "லோடாத்தான் தருவோம்." கடைசியில் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர் அள்ளிக்கொள்ளச் சொன்னார். காசு வாங்கவில்லை.

பாப்பா குற்றாலம் குற்றாலம் என்கிறாள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம், கிளாஸில் எல்லாரும் போய்விட்டு வந்தாச்சாம். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். இரண்டு பேர்.

ஜூன் 15, ஞாயிறு

என் மனைவியும் பாப்பாவும் காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போனார்கள். நான் போகவில்லை. டைல் பசை கலக்கினால் நமக்காகக் காத்திருக்காது, இறுகிவிடும். அவள் ஒன்றும் சொல்லாமல் டிபன் கேரியரைக் கட்டினாள். அந்தக் "ஒன்றும் சொல்லாமல்" இருக்கிறதே, அதைக் கேட்டு எனக்குப் பழக்கம்தான்.

அக்கா ஃபோனில் சத்தம் போட்டாள். "ஏல, அம்மா உன்னத்தான் கேக்கா. டைலு எங்க ஓடியா போகுது?"

சாயங்காலம் பாப்பா பேசினாள். பாட்டி வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தாளாம். ஐந்தாவதற்கு நர்ஸ் அக்கா விடவில்லையாம். மூச்சுவிடாமல் சொன்னாள்.

தரை வாட்டம் சரியில்லை. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் பாதிதான் ஜல்லடைக்கு வருகிறது, மீதி கதவோரம் தேங்குகிறது. அம்மா விழுந்ததே கதவோரம் கிடந்த தண்ணீரில்தான். பசை இறுகுவதற்குள் நாலு டைலையும் கிளப்பிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

சுவரில் அடித்த பட்டி காயவில்லை. துணியும் காயவில்லை.

ஜூன் 18, புதன்

கைப்பிடி. இரண்டு நாளாக மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடுகிறது.

எஸ்.எஸ். கம்பி வாங்கி வந்து, கமோடு பக்கத்துச் சுவரில் டிரில்லைப் போட்டால், மாவில் குத்தினது போல பிட் உள்ளே போகிறது. வெள்ளைத் தூள் கொட்டுகிறது, செங்கல் எங்கே என்றே தெரியவில்லை. சுண்ணாம்புக் காரை. என் தாத்தா இந்தச் சுவரை எழுப்பும்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பரில்தான் இந்தப் பக்கம் வந்தது. பிளக்கை அடித்து ஸ்குரூவை முறுக்கினேன். ஸ்குரூவோடு பிளக்கும் சேர்ந்து சுற்றியது. இன்னும் பெரிய பிளக். அதுவும் சுற்றியது.

துண்டு மாட்டுகிற கம்பி என்றால் போதும். இதில் அம்மாவின் மொத்தக் கனமும் தொங்கும். எழுந்திருக்கும்போது கையில் பெயர்ந்து வந்தால்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய், லைட்டைப் போட்டு, அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்நேரத்துல என்ன செய்யுதீங்க?" என்று அவள் வந்து நின்றாள்.

ஒரே வழி, சுவரை முழுசாகத் துளைத்து, திரெட் ராடு கொடுத்து, அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து நட்டுப் போட்டு இறுக்குவது. 14 அங்குலச் சுவர். ஏசி மாட்டுகிற தம்பியிடம் நீள பிட் இருக்கிறது, தருகிறேன் என்றான். அந்தப் பக்கம் அடுப்படி. சரியாக முருகன் படத்துக்குக் கீழே.

"அந்த இடம்தான் கெடச்சுதா?" என்றாள். படத்தை அரையடி தள்ளி மாட்ட ஒத்துக்கொண்டாள்.

ஜூன் 19, வியாழன்

கம்பியைப் பிடித்து நான் தொங்கினேன். அவளும் தொங்கினாள். அசையவில்லை.

பாப்பாவுக்கு ரசமட்டம் கிடைத்துவிட்டது. டி.வி. மேல், தோசைக்கல் மேல், தூங்குகிற தாத்தா வயிற்றின் மேல் எல்லாம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறாள். "அப்பா, பாட்டி கட்டில் கோணல்." பார்த்தால் உண்மைதான், தலைமாட்டுக் கால் ஒன்று தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் உயரத்தையும் அளந்தேன். 14 அங்குலம். எப்படி எழுந்திருப்பாள்? அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பலாக்கட்டையில் நாலு துண்டு அறுத்தோம். அவள் உப்புத்தாள் தேய்த்தாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஜூன் 21, சனி

அம்மாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். கக்கூஸ் ஃபோட்டோவைக் காட்டினேன், "நல்லாருக்கு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாப்பா குற்றாலம் போனாளா என்று கேட்டாள்.

பிரச்சினை வாசல். சாய்தளம் போடணும் என்றால் ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. முன்வாசல் மூன்று படி, 21 அங்குலம். 21 அடிக்குச் சாய்தளம் போட்டால் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். புறவாசல் 5 அங்குலம்தான், எளிது. அதைச் சொன்னேன்.

அம்மா கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "வெளக்கேத்தி என்னைய அழைச்ச வாசல்ல. நான் பொறவாசல் வழியாவா வரணும்?"

அக்கா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்தருவி. நானும் போனேன். பாப்பா உதடு நீலம் பாயும்வரை வெளியே வரவில்லை. திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா. கை நடுவில் நடுவில் பையிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவள் கவனித்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

பிசியோ பெண் படி ஏறப் பழக்குகிறாளாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அப்படியென்றால் படிக்குக் கைப்பிடி இருந்தால் போதும். ஜி.ஐ. குழாய் வாங்கி, குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நட்டாயிற்று. மேலே சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். ஒரு வாரம் நனைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா ஃபோன். நாளைக்கே டிஸ்சார்ஜ்.

குழாய் இன்னும் ஆடுகிறது. எதிர்வீட்டு அண்ணாச்சியிடமும் மச்சானிடமும் சொல்லியாயிற்று, நாற்காலியோடு தூக்கிவிடலாம். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, மச்சான் வீட்டுத் தேக்கு நாற்காலி வருகிறது. சின்ன காரில் சீட் தாழ்வு, அதனால் பெரிய வண்டி, போகவர வாடகை பேசியாயிற்று. இரண்டு தலையணை எடுத்துக்கொள்ளணும். காலையில் நாலு மணிக்குக் கிளம்பணும். பாப்பாவும் வருவேன் என்கிறாள், பள்ளிக்கூடத்துக்கு லீவ் சொல்லணும்.