சால்ட் லேக் சிட்டியின் டாக்டர் செனட்டர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்மன் என்ற மதப் பிரிவின் கோயிலையும் உப்பு ஏரியையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என்னை அந்த ஊருக்கு இழுத்தது மார்த்தா ஹியூஸ் கேனன். அமெரிக்காவில் மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், தொழிலால் டாக்டர், ஏங்கஸ் கேனன் என்ற மார்மன் தலைவருக்கு நான்காவது மனைவி. 1896 தேர்தலில் அவரிடம் தோற்றவர்களில் அந்தக் கணவரும் ஒருவர்.

அவரைத் தேடுகிறவர்கள் முதலில் மேட்டின் மேல் இருக்கும் கேப்பிடலுக்குத்தான், அதாவது சட்டமன்றக் கட்டடத்துக்குத்தான் ஏறுவார்கள். ஆனால் அந்தக் கட்டடம் முடிந்ததே 1916இல். மார்த்தா செனட்டில் இருந்தது 1897 முதல் நான்கு ஆண்டுகள். அப்போது சட்டமன்றம் கூடியது ஊருக்குள், வாஷிங்டன் சதுக்கத்தில் உள்ள சிட்டி அண்ட் கவுன்ட்டி பில்டிங்கில். டிராக்ஸ் ரயிலில் லைப்ரரி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே தெரியும். சாலையைக் கடப்பதுதான் பெரும்பாடு. இந்த ஊரின் பழைய தெருக்கள் 132 அடி அகலம்! சில இடங்களில் கம்பத்தில் ஆரஞ்சு நிறக் கொடிகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றை உருவிக் கையில் பிடித்தபடி கடந்து, எதிர்ப்பக்கக் கம்பத்தில் செருகிவிட வேண்டும். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் கார்கள் நின்றன.

1894இல் திறக்கப்பட்ட மணற்கல் கட்டடம், நடுவில் கடிகாரக் கோபுரம். 1980களில் நிலநடுக்கப் பயத்தால் மொத்தக் கட்டடத்தையும் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். இன்று இது நகராட்சி அலுவலகம்.

மார்த்தா 1857இல் வேல்ஸில் பிறந்தவர். 1861இல் குடும்பத்தோடு அமெரிக்கச் சமவெளியைக் கடந்து வரும் வழியில் குட்டித் தங்கை இறந்தாள். ஊர் வந்து சேர்ந்த சில நாட்களில் அப்பாவும் போய்விட்டார். டாக்டராகியே தீருவது என்று பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக் காசு சேர்த்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆண்கள் போடும் பூட்ஸோடு வேலைக்கும் வகுப்புக்கும் நடந்தவர். 1880இல் மிச்சிகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்புறம் பென்சில்வேனியாவிலும் படித்துவிட்டுத் திரும்பி, மார்மன் பெண்கள் நடத்திய டெசரெட் மருத்துவமனையில் டாக்டரானார்.

1884இல் ரகசியத் திருமணம். பலதார மணத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மார்த்தாவுக்கோ இரட்டைச் சிக்கல்: கைக்குழந்தையே கணவருக்கு எதிரான சாட்சி. போதாததற்கு, ஊரில் பல 'இரண்டாம் வீடுகளில்' பிரசவம் பார்த்தவரும் இவர்தான். கோர்ட்டில் வாயைத் திறந்தால் பல அப்பாக்கள் சிறைக்குப் போவார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ப் பொய்ப்பெயரில் வாழ்ந்தார். ஏங்கஸ் இவருக்குப் பிறகும் இரண்டு பேரை மணந்துகொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, தேர்தலுக்கு வருவோம். "கணவனை வீழ்த்திய மனைவி" என்றுதான் எல்லோரும் கதை சொல்கிறார்கள். மார்த்தாவுக்கு 11,413 ஓட்டு, ஏங்கஸுக்கு 8,742 என்று கணக்கும் உண்டு. உண்மையில் அது நேருக்கு நேர் போட்டியே இல்லை. கவுன்ட்டி (மாவட்டம்) முழுக்கச் சேர்த்து ஐந்து இடங்கள். டெமாக்ரட் பக்கம் மார்த்தா, ரிபப்ளிகன் பக்கம் ஏங்கஸ். அந்த வருடம் வெள்ளியைத் தாராளமாக நாணயமாக அடிக்க வேண்டும் என்ற கொள்கைக்காக யூட்டாவில் டெமாக்ரட் அலை அடித்தது. ஜனாதிபதி தேர்தலில் டெமாக்ரட் வேட்பாளர் பிரையனுக்கு இங்கே ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஓட்டு. ஐந்து இடங்களும் அந்தக் கட்சிக்கே போயின. பெண் வாக்குரிமைக்காகக் காலமெல்லாம் எழுதிய எமலின் வெல்ஸ் ரிபப்ளிகனாக நின்றதால் தோற்றார். எனக்கு ஏங்கஸின் தோல்வியைவிட அதுதான் சுவாரசியம்.

கணவன் மனைவி சண்டையை ரசிக்கிறவர்கள் சபையில் அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு முதலாளி இருக்கை தர வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். நின்று நின்று உடம்பு கெட்டவர்களைப் பார்த்த ஒரு டாக்டருக்குத்தான் அப்படித் தோன்றும். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் படிப்புக்கு இன்னொரு சட்டம். பிறகு மாநில சுகாதார வாரியம். அதன் முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

1899இல் மூன்றாவது குழந்தை பிறந்தது. பலதார மணத்தை மார்மன் திருச்சபை கைவிடுவதாக அறிவித்து ஒன்பது வருடம் கழித்து! ஊர் வாய் சும்மா இருக்குமா? அரசியல் அத்தோடு முடிந்தது. பிற்காலத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் கழித்து 1932இல் அங்கேயே இறந்தார். அடக்கம் மட்டும் சால்ட் லேக் சிட்டி கல்லறைத் தோட்டத்தில். அங்கே போவதென்றால் மூச்சு வாங்கும் ஏற்றம், வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

2024 டிசம்பரில் வாஷிங்டன் கேப்பிடலில் யூட்டாவின் சார்பாக அவர் சிலையை வைத்தார்கள். அதற்கு இடம்விட்டது டெலிவிஷன் கண்டுபிடிப்பாளர் ஃபார்ன்ஸ்வொர்த்தின் சிலை. அவர் ரசிகர்களுக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை.