கவாத்து நாள்

"அந்தத் துளிர்க்கண்ணுக்கு மேல வெட்டும்மா, ஒட்டி வெட்டாத" என்று அத்தை என் கையிலிருந்த கத்திரியைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார்.

பன்னீர் திராட்சைப் பந்தலில் இன்று கவாத்து, அதாவது கொடிகளை வெட்டிவிடும் வேலை. வெட்டிய நுனியிலிருந்து தெளிந்த நீர் சொட்டியது. சின்னவள் அதை விரலில் தொட்டு நக்கிவிட்டு, "பழம் மாதிரி இல்லியே" என்றாள்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து கொடியைத் தூங்க வைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு வழியே இல்லை. எப்போது துளிர்ப்பது என்பதைக் கத்திரிதான் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள், எங்கள் பந்தல் மொட்டையாக நிற்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நேரம் மாறும்; இங்கே வருடம் முழுக்கத் திராட்சை கிடைப்பது இப்படித்தான்.

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஜூஸுக்கும் போகும், ஒயினுக்கும் போகும்.

மாமா மட்டும் காலையிலிருந்து விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். சரி, வீட்டில் யாராவது ஒருவர் அதையும் யோசிக்கத்தானே வேண்டும்!