மணக்குடிக் காயலில் கிழட்டு எஞ்சின்கள்

1980களில் குமரிக் கடற்கரையில் கடன்பட்டு வாங்கிய அவுட்போர்டு எஞ்சின்களில், அதாவது படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டுகிற எஞ்சின்களில், பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவை தென்னந்தோப்பு ஓரத்திலோ வலை வைக்கிற கொட்டகை மூலையிலோ சாக்கு போர்த்திக் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து, பழுது பார்த்து, மணக்குடிக் காயலில் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்கிற நண்பர் கூட்டம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினேன். வீட்டில் பழைய ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவன் நான். டூ-ஸ்ட்ரோக் புகை எனக்குப் புதிதல்ல.

முதலில் முட்டம். ஊருக்குள் நுழையும்போதே செம்மண் மேடும் கலங்கரை விளக்கமும் கண்ணில் படும். படம் எடுக்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். எஞ்சின் பைத்தியங்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். கட்டுமரத்துக்கான பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் பியர் ஜில்லே இங்கே பிளைவுட் வள்ளங்களை, அதாவது உட்குழிவான படகுகளை, கட்டிப் பார்த்தார். கரையில் அலையோடு அலையாக வந்து ஏற வேண்டும், பின்பக்கம் எஞ்சினையும் தாங்க வேண்டும் என்பது சாதாரணக் கணக்கல்ல. கட்டுமரத்தில் தண்ணீர் மேலே ஏறி வழிந்து போகும். வள்ளத்துக்குள் வந்தால் உள்ளேயே நிற்கும். இன்று பிளைவுட் போய் ஃபைபர் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற 'எஞ்சின் அண்ண'னின் பட்டறை கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, ஓலை வேய்ந்த கொட்டகை. ஊர்ப் பையன்களுக்கு அவர் மாமா, எனக்கு அண்ணன். நான் போனபோது ஒரு பழைய 8 குதிரைத்திறன் யமஹா மேலுறையில்லாமல் மரக்கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலப் பெயின்டுக்கு அடியில் உப்பு பூத்து அலுமினியம் மாவாகியிருந்தது. கட்டஞ்சாயா கைக்கு வருமுன்னே நான் கேட்டுவிட்டேன்: இதை எப்படி அண்ணே வேகமாக ஓட வைக்கிறீங்க?

"தம்பி, இது ஓடுத எஞ்சினு இல்ல. இழுக்குத எஞ்சினு. அத மொதல்ல மனசுல வச்சுக்கிடுங்க."

அவர் சொன்னதை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன் தரும். இந்த யமஹா ஏறத்தாழ 165 சிசி, இரண்டு சிலிண்டர், தருவது 8. அதனால் மட்டமான எஞ்சின் என்று அர்த்தமில்லை. வலையும் ஐஸும் மீனும் ஆட்களும் ஏறிய வள்ளத்தை, எதிர்க்காற்றில், மணிக்கணக்காகத் தள்ள வேண்டிய எஞ்சினை வேண்டுமென்றே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அமுக்கப்படுகிற அளவு, அதிகமானால் பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன் மிச்சக் கலவை தானே வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம் வரும். அதனால் சிலிண்டரின் மூடியான ஹெட்டின் உட்குழியைப் பெரிதாக்கிக் கம்ப்ரஷனைக் குறைத்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு குழாயை மாற்ற வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி கார்ப்பரேட்டரைக் காலி செய்யாவிட்டால் மறுநாள் விடியற்காலை கயிறு இழுத்தே கை போய்விடும்.

இந்த மாவட்டத்து நாட்டுப்படகுக்காரர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் என்பது வெறும் அரசாங்கத் திட்டமல்ல, கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம். ஆகவே எஞ்சினை மண்ணெண்ணெயிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பந்தயத்துக்கு வேகம் வேண்டுமென்றால் பெட்ரோல் ஹெட்டை மாட்டினால் போதுமே என்று நான் சொன்னதும் அண்ணன் சிரித்தார். அவர்கள் கூட்டத்தின் முதல் விதியே அதுதான்: மண்ணெண்ணெய் ஹெட், மண்ணெண்ணெயிலேயே ஓட்டம். சிலிண்டருக்குள் கலவையும் புகையும் போய்வருகிற துளைகளான போர்ட்டுகளில் அரம் படக்கூடாது. ஜெயித்தவன் அங்கேயே கரையில் வைத்து ஹெட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும்.

அன்று மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இறுகிப்போன எஞ்சினை எழுப்புவது பொறுமை பிடிக்கிற வேலை. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட்டு எஞ்சின் மேலுள்ள ஃபிளைவீல் சக்கரத்தில் குழாய் மாட்டித் திருகினால் ரிங் உடையும். அந்தச் சக்கரத்தைக் கழற்ற புல்லர் போட வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்தவர்கள் கிராங்கைக் கோணலாக்கிய கதைகள் அண்ணனிடம் நிறைய உண்டு. உள்ளே இருக்கிற சிறு சாவித் துண்டு கொஞ்சம் நசுங்கியிருந்தால்கூட டைமிங் தள்ளிப்போகும். எல்லாம் சரியாகத் தெரிந்தும் எஞ்சின் இருமுகிறதென்றால் அவர் முதலில் பார்ப்பது அந்தச் சாவியைத்தான். பிறகு பிளக்கில் பொறி வரவைக்கிற பாயின்ட். நுண்ணிய எமரியால் தேய்த்து, இடைவெளியைத் தகட்டால் அளந்து, கடைசியில் சட்டைத் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறார். கரி என்றால் கரிதான்: எக்ஸாஸ்ட் வாயில் பாதியை அடைத்திருந்தது. உலோகத்தால் சுரண்டாமல் மூங்கில் சீவலால் எடுத்தார்.

தண்ணீர்ப் பாதைதான் உண்மையான எதிரி. கடல்நீரைக் கீழிருந்து உறிஞ்சி மேலே அனுப்புகிற ரப்பர் இம்பெல்லர் கெட்டிருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் போய்விடும். இம்பெல்லர் நன்றாயிருந்தும் ஹெட்டைச் சுற்றியுள்ள வழிகளில் உப்புக்கல் அடைத்திருக்கலாம். பட்டறையில் தண்ணீர் நிறைந்த பேரலில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். பின்பக்கத் துளையிலிருந்து நீர்த்தாரை வருகிறதா, கை வைத்தால் பொறுக்கிற சூடா என்பதுதான் பரிசோதனை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மிச்சம் தெரியும்: மங்கிய பழுப்பு என்றால் நல்லது, கறுப்பு என்றால் எரிபொருள் கூடுதல், வெள்ளை வெளேரென்றால் எஞ்சினுக்கு ஆயுசு கொஞ்சம்தான்.

இவ்வளவும் செய்தால் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். அதற்கு மேல் வேகம் எங்கிருந்து வரும்? புரொப்பல்லரிலிருந்து. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், கியர் அதை ஏறத்தாழ பாதியாக்கி 2500 சுற்றாக விசிறிக்குத் தரும். பிட்ச் 8 அங்குலம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் காகிதக் கணக்கில் 8 அங்குலம் முன்னேற வேண்டும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வரும். தண்ணீர் நழுவிப் போவதால் கிடைப்பது அதைவிடக் குறைவு. மீன் ஏற்றிய வள்ளத்துக்குக் குறைந்த பிட்ச் வேண்டும், வெறும் வள்ளத்துக்குக் கூடுதல் பிட்ச் வேண்டும். கூட்டத்தின் விதிகளில் புரொப்பல்லரை மாற்ற அனுமதி உண்டு. அதனால் போட்டி நெருங்கும்போது பழைய விசிறி ஒன்றைக் கடன் கேட்டு மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தூத்தூர் வரை அலைகிற ஆட்களைப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. காலைத் திருப்பலி முடிந்த பிறகு மணக்குடியில் கூடுவதாக ஏற்பாடு. சுசீந்திரம் தாண்டி, புத்தளத்து உப்பளங்களை ஒட்டிப் போனேன். மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே பழையாறு கடலில் சேருகிறது. 2004 சுனாமியில் பழைய பாலம் பிய்த்துக்கொண்டு போனது இங்கேதான். இப்போதுள்ள பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர். காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்தைப் பார்த்தவர், குளச்சல் தொகுதிக்காரர். பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் ஆறு கடலில் சேரும் பொழிமுகம், இன்னொரு பக்கம் அலையில்லாத காயல். பந்தயம் காயல் பக்கம்தான். நாட்டுவலை கிடக்கிற இடங்களையும் அலையாத்திச் செடிகள் நட்டிருக்கிற ஓரத்தையும் விட்டு, நடுவில் இரண்டு மிதவைகள். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் தண்ணீரில் வானவில்லாய் மிதப்பது எனக்கு உறுத்தியது. அதை அவர்களிடமே சொன்னேன். அதனால்தான் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டார்கள் என்றார்கள். பாதி சமாதானம்தான்.

எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். பழைய எஞ்சின்களில் ஆள் விழுந்தால் தானே நிற்கிற கயிற்றுச் சுவிட்ச் கிடையாது. பட்டறையில் அதைத் தனியாகப் பொருத்தியிருந்தார்கள். இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தச் சின்ன வேலையைப் பார்த்துத்தான்.

புறப்பாட்டில் ஒரு சுசுகி முந்தியிருக்க வேண்டும். அதை ஓட்டிய பையன் எஞ்சின் சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டான். வெள்ளைப் புகை, இருமல், நின்றது. கரையிலிருந்து "லேய், பெட்ரோலுக்குத் திருப்புடே!" என்று கூச்சல். அவன் கயிறு இழுத்து முடிப்பதற்குள் மற்ற வள்ளங்கள் முதல் மிதவையைத் தாண்டிவிட்டன. ஜெயித்தது நான் பட்டறையில் பார்த்த யமஹா. துணைக்கு வந்தவனை வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் உட்காரவைத்து, மூக்கு தூக்காமல் ஓட்டினார் அதன் சொந்தக்காரர். வளைவில் ஆள் எந்தப் பக்கம் சாய வேண்டுமென்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையான பந்தயம் அதற்குப் பிறகு, கரையில். ஹெட்டைக் கழற்றினார்கள். போர்ட்டில் விரல் விட்டுப் பார்த்தார்கள், அரம் படவில்லை. ஆனால் ஹெட்டின் அடிப்பரப்பு பளபளவென்று இருந்தது. "தேய்ச்சிருக்கான்!" என்று ஒரு குரல். உண்மைதான், தேய்த்திருந்தார்கள். உப்பு அரித்துக் குழிவிழுந்த பரப்பைக் கண்ணாடித் தட்டில் எமரி வைத்துத் தேய்க்காமல், ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசியாமல் வைக்கிற கேஸ்கட் உட்காராது. ஆனால் தேய்க்கத் தேய்க்க ஹெட் மெலியும், உட்குழி சுருங்கும், கம்ப்ரஷன் ஏறும். பழுதுபார்ப்பா, கள்ள டியூனிங்கா?

இரண்டுமே என்றுதான் எனக்குப் பட்டது. நாற்பது வருடத்து எஞ்சினைக் கைவைக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கைவைத்த பின் அது பழைய நிலையும் அல்ல. வெயில் ஏறும்வரை சண்டை நீண்டது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் வந்த பிறகு கொஞ்சம் தணிந்தது. கடைசியில் எஞ்சின் அண்ணன் தீர்ப்பு சொன்னார்: "இனி கண்ணால பாத்துச் சொல்லப்பிடாது. அளக்கணும்." மருந்துக் கடையில் ஊசிக்குழாய் வாங்கி, ஹெட்டைக் கவிழ்த்து, மேலே கண்ணாடி மூடி, உட்குழிக்குள் எத்தனை மில்லி எண்ணெய் பிடிக்கிறதென்று எல்லா ஹெட்டுக்கும் கணக்கெடுப்பது. குறைந்தபட்ச அளவு ஒன்றை முடிவு செய்து, அதற்குக் கீழே போனால் இரண்டு கேஸ்கட் போட்டு ஈடுகட்டுவது. அன்றைய பரிசு எண்ணெய்க் கேன் அதுவரை யாருக்கும் இல்லை.

பார்க்கப் போக நினைப்பவர்கள் ஆனி, ஆடியில் போகாதீர்கள். கடல் கொந்தளிக்கும் மாதம், யாருக்கும் விளையாட்டு மனநிலை இருக்காது. விசைப்படகுத் தடைக்காலத்தில் போனால் பட்டறையில் பேச ஆள் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன், ஜூலை என இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது என்பதால் அப்போதுதான் எஞ்சின் வேலை குவிகிறது. போகும்போது பழைய கார்ப்பரேட்டர், மேக்னட்டோ காயில் ஏதாவது உங்கள் ஊர்க் காயலான் கடையில் கிடைத்தால் வாங்கிப் போங்கள். அண்ணன் மறுக்க மாட்டார்.