வண்டிக்குள் ஃப்ரிட்ஜ், வெளியே கத்திரி வெயில்

மே 5, சத்துவாச்சாரி

ஏலகிரியிலிருந்து காலையில் திரும்பினோம். வேனில் படுக்கை, அடுப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஃப்ரிட்ஜ்தான் காலை வாரியது. போகும்போது ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை தண்ணீர் பாட்டில் ஜில்லென்று இருந்தது. ராத்திரி இன்ஜினை நிறுத்திய பிறகு கம்ப்ரசர் கிளம்பும், உடனே அடங்கும், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கிளம்பும். விடிகிறபோது உள்ளே 19 டிகிரி. நைனாவின் இன்சுலின் அதில்தான் இருந்தது. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தங்கின இடத்து அம்மா தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தார். ஆற்காடு மக்கன் பேடாவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, அது முதல் ராத்திரியே தீர்ந்துபோயிருந்தது.

மே 6

"கேஸ் போயிருக்கும் மாமா" என்கிறான் மச்சான். பக்கத்து வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நம் ஊரில் ஃப்ரிட்ஜ் என்றாலே முதல் பழி கேஸ் மேல்தான். கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசர் விடாமல் ஓடும், குளிர்தான் வராது. இங்கே ஓடவே மாட்டேன் என்கிறது. அதுவும் இன்ஜின் ஓடினால் சரியாகிவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து சுற்றிக் கரன்ட் தயாரிக்கிற ஆல்டர்நேட்டர் 14 வோல்ட் பக்கம் கொடுக்கும், நிறுத்தினால் பேட்டரி 12 சொச்சம்தான். அப்படியானால் கரன்ட்டில்தான் ஏதோ கோளாறு.

கம்ப்ரசர் மேல் உள்ள கன்ட்ரோல் பெட்டியில் குட்டி விளக்கு ஒன்று சிமிட்டுகிறது. ஒரு சிமிட்டு, இடைவெளி, மறுபடி ஒரு சிமிட்டு. இந்த வகைக் கம்ப்ரசரில் அதற்கு வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். 10.4-க்குக் கீழே போனால் தானே நின்றுவிடும், 11.7 வந்தால்தான் மறுபடி எடுக்கும்.

மே 8

எலக்ட்ரீஷியன் பாய் வந்தார். பேட்டரி முனையில் 12.5. ஃப்ரிட்ஜ் பிளக்கிலும் 12.5. மச்சான் உடனே, "வயர் நல்லாதானே இருக்கு, பாய்?" என்றான்.

"லோடு இல்லாம பார்த்தா எல்லாம் நல்லாதான் இருக்கும் தம்பி. ஓட விட்டுப் பாருங்க."

ஓட விட்டோம். பேட்டரியில் 12.3, பிளக்கில் 10.1. நடுவில் 2.2 வோல்ட் காணோம். மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் வைத்தார்: அங்கே மட்டும் 1.3. பிளாஸ்டிக் இளகி, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மீதி வோல்டேஜை வயர் தின்றிருக்கிறது. வேனைத் தங்குகிற வண்டியாக மாற்றிக் கொடுத்தவர்கள் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை வீட்டு லைட்டுக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) மெல்லிய வயரை இழுத்து, நடுவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வாங்கிய காசுக்கு அது அநியாயம்.

மே 9

6 ஸ்கொயர் வயர், புது ஃபியூஸ் ஹோல்டர், லக் என்கிற உலோக முனை வைத்து அழுத்தின வயர் நுனிகள். ஓடும்போது பிளக்கில் 12.1. விளக்கு சிமிட்டவில்லை.

மே 12

ராத்திரியில் 4 டிகிரி, மத்தியானம் மட்டும் 9. தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன், கதவைத் திறந்தாலும் சட்டென்று தாவாது. இந்த அக்னி நட்சத்திரத்தில் வேன் தகரத்தைத் தொட முடியவில்லை. கம்ப்ரசர் துப்புகிற சூடு அலமாரிக்குள்ளேயே சுற்றுகிறது. காற்று வர வழியில்லை, போகவும் வழியில்லை. விடாமல் ஓடினால் 5 ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்துக்கு, 120 ஆம்பியர் அவர். நம்முடையது 100 ஆம்பியர் அவர் பேட்டரி, அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். தச்சரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

மே 14

அலமாரியின் அடியில் காற்று போக ஓட்டை வைத்த ஜாலி ஒன்று, மேலே ஒரு ஜாலி, மேலதில் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. மத்தியானம் 3 மணிக்கு 5 டிகிரி. கம்ப்ரசர் பாதி நேரம் சும்மா இருக்கிறது.

அடுத்த வாரம் ஜவ்வாது மலை. நைனாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஒரு குப்பியைத் தனியாக ஐஸ் பெட்டியில் எடுத்து வரச் சொல்கிறார். சரி என்றேன். ஐஸில் பட்டு உறைந்தால் மருந்து வீண் என்பதால், துணி சுற்றி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.