மணல் தின்னும் குதிரை

கோடியக்கரையில் திரியும் மட்டக்குதிரைகளும் சரி, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவில் மேய்பவையும் சரி, என்றோ வீட்டில் நின்ற குதிரைகளின் வாரிசுகள்தான். ராமநாதபுரம் கரையோரத்தில் வண்டிக்கோ சவாரிக்கோ குதிரை வைத்திருப்பவர்கள் அந்தக் கூட்டங்களை ஒரு பகல் முழுக்க நின்று பார்க்க வேண்டும். கொட்டகையில் வரும் தொல்லை பலவற்றுக்கும் காரணம் அங்கே தெரியும்.

ஒரு பொலிக்குதிரை, சில பெட்டைகள், குட்டிகள்: இதுதான் கூட்டம். தண்ணீருக்குப் பெரும்பாலும் மூத்த பெட்டைதான் முதலில் நடக்கும். பிந்துகிறவற்றை ஆண் குதிரை தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கழுத்தைப் பாம்பாக நெளித்து ஓட்டிவரும். ஆண் குட்டிகள் இரண்டு, மூன்று வயதில் விலகி, தனி இளவட்டமாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒன்று காவல் நிற்க மற்றவை படுக்கும். நின்றபடி கண்ணயரலாம், ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். தனியே கட்டிய குதிரை பயத்தில் படுக்காமலே இருந்துவிடும். சில நாளில் நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடங்கி விழும், முட்டி தோலுரியும். மருந்தைவிடத் துணைதான் முக்கியம். வேறு குதிரை இல்லையென்றால் ஒரு வெள்ளாடாவது.

கூட்டத்தில் மேல் கீழ் உண்டு. இரண்டு குதிரைக்கு ஒரே இடத்தில் புல் போட்டால், இளைத்தது ஒதுக்கப்பட்டுத் தரையில் சிந்தியதைப் பொறுக்கும். நம் கரையில் அது மணலோடு சேர்த்துத் தின்பதுதான். மணல் பெருங்குடலில் தங்கிச் சூலை, அதாவது கடும் வயிற்றுவலி, வரும். முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், உருளும். உடனே காணத்தையும் (கொள்ளு) புல்லையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தானாகச் சரியாகும் என்று விட்டுவைப்பதுதான் பெரிய தப்பு. சீமைக்கருவேலங்காயும் அளவு மீறினால் குடலை அடைக்கும். இனிப்புக்கு மயங்கித் தின்றுகொண்டே இருக்கும்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழி வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போனதாகவும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். தீனியிலேயே கோளாறு!

இரண்டு குதிரைக்கு மூன்று இடத்தில், தொட்டியிலோ ரப்பர் விரிப்பிலோ புல் வையுங்கள். வாரம் ஒருமுறை, மண் ஒட்டாத மேல் லத்தி உருண்டை ஆறை எடுத்து நீளக் கையுறையில் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். விரல் நுனியில் நறநறவென்று படிந்தால் மணல் உள்ளே போகிறது. படியாவிட்டாலும் உள்ளே தங்கியிருக்கக்கூடும்.