நாங்கள் பிசியோ இல்லை

சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியை நாலரை வருஷம் படித்தும் வார்டில் என்னை "பிசியோ மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சரி, அது போகட்டும். பக்கவாதத்தில் வலது கை விழுந்த ஒரு தாத்தா இன்று, துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டியைப் பிடித்துத் தயிர்சாதத்தைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார், பாதி மடியில் சிந்தியது, பக்கத்தில் நின்ற பாட்டி அழுதுவிட்டார். இதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். முன்பு வேலை பார்த்த சிகிச்சை மையத்தில் ஒரு நாளைக்கு ஒன்பது குழந்தைகள், குறிப்பெழுதக்கூட இடைவெளி கிடையாது, சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் எங்கள் தொழிலும் இருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் கூடப் படித்தவர்கள் வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எங்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும்.