பெர்த் ஏரியில் ஒரு பூச்சி

பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். 'பூச்சி' என்பார்கள். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீரில் பயிர் வைப்பவர்களுக்குப் பூச்சி புதிதா என்ன? ராத்திரி மோட்டார் போடப் போகும் நைனா, கம்பால் வரப்பைத் தட்டிக்கொண்டே நடப்பார். அந்தத் திமிரோ என்னவோ, ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோன புதிதில் ஹெர்ட்ஸ்மன் ஏரிக்கரையில் பாம்புப் படம் போட்ட பலகையைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிருக்கு முடங்கிக் கிடந்ததெல்லாம் வெயில் காய வெளியே வரும் பருவம் அங்கே அதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. முன்னால் போன மனைவி சட்டென்று நின்றாள்.

"ஏங்க, அது டியூபா?"

கோரைப் புல் ஓரம் கறுப்பாக, சைக்கிள் டியூப் கிடப்பது போலத்தான் இருந்தது. பக்கவாட்டில் மட்டும் மஞ்சள் பட்டைகள். டியூப் மெல்லத் தலையைத் தூக்கிக் கழுத்தைச் சப்பையாக்கியது. நல்ல பாம்பு மாதிரி படமெடுக்கவில்லை; ஆனால் சேதி அதேதான். டைகர் பாம்பு. தவளைக்காக ஏரியோரம் குடியிருப்பது. என் கை தானாகக் கம்பு தேடியது.

பின்னால் நாயோடு வந்த பெரியவர், "அசையாமல் நில்லுங்கள், அதுவே போய்விடும். அடித்தால் குற்றம்" என்றார். நின்றோம். அது அவசரமே படாமல் கோரைக்குள் போனது. அப்புறம்தான் என் முட்டி நடுங்க ஆரம்பித்தது.

பெரியவர் பையில் ஒரு எலாஸ்டிக் பேண்டேஜ் வைத்திருந்தார். கடித்தால் கால் முழுக்க இறுக்கமாகச் சுற்றி, கட்டை வைத்துக் கட்டி, நடக்காமல் அவசர உதவி எண் 000-வுக்கு அழைக்க வேண்டும். அந்த ஊர்ப் பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் ஏறுமாம். கட்டு அதைத் தாமதப்படுத்தும். கடிவாயைக் கழுவக்கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் விஷம், எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க உதவும். கடிவாயைக் கழுவி, பிளேடால் கீறி, கயிற்றால் இறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்துச் சாகிறவர்கள் வருடத்துக்குச் சராசரியாக 2 பேர்தான். இந்தியாவில் சுமார் 58,000 என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அங்கே பூட்ஸ், ஆம்புலன்ஸ். இங்கே இருட்டில் வெறுங்கால்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நைனாவுக்கு 2 பேண்டேஜ் வாங்கி வந்தேன். சுற்றும் விதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகச் செய்துகாட்டினேன். வேலூரில் டாக்டராக இருக்கும் சின்னம்மா மகள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இங்கே மல்லாட்டைக் கொல்லையில கடிக்கிறது கண்ணாடி விரியனா இருந்தா? அதோட விஷம் சதையையே அழுகடிக்கும். இறுக்கிக் கட்டினா விஷம் ஒரே இடத்துல தேங்கி இன்னும் மோசமாகும். கடிச்சது எதுன்னு தெரியாதப்போ, கையைக் காலை ஆட்டாம நேரா ஆஸ்பத்திரி. நாட்டுல அதிகமா ஆளை அடிக்கிற நாலு பாம்புக்கும் ஒரே ஊசிதான்."

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேண்டேஜைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் ராணிப்பேட்டை போய் அவருக்கு கம்பூட்ஸும் பெரிய டார்ச்சும் வாங்கி வந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டார். பூட்ஸ் சேற்றில் உருவிக்கொள்ளுமாம்.

பேண்டேஜும் வீணாகவில்லை. முழங்கால் வலிக்குச் சுற்றியிருக்கிறார்.